கடலோரமாகவே ஒரு வாரம்

"மாமல்லபுரத்துல பாறை மேல ஏறி நின்னீங்கன்னா, அலை அப்டியே கால்ல வந்து மோதும் அண்ணாச்சி. சும்மா ஜிலுஜிலுன்னு கீது. அங்கேர்ந்து பாண்டிச்சேரி, அப்பால கடலூரு..." என்று சொல்லிக்கொண்டே போனான் டிரைவர் வரதன்.

திருவொற்றியூர் மளிகை மண்டியின் பின்னறை அது. மிளகாய் மூட்டைமேல் பள்ளிக்கூடத்து அட்லஸ் ஒன்றை விரித்துவைத்து, மண்டிக்காரர் ராசையா அதில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கடலோரமாகவே டூர் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியாகிவிட்டது.

டூராவது, மண்ணாவது! ராசையாவின் ஒரே மகள் பிலோமி எவனுடனோ வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அவளைத் தேடிப் பிடிக்கத்தான் இந்தப் பயணம்.

"கையில கெடைக்கட்டும், ரெண்டு பேரையும் உசுரோட விடமாட்டேன்" என்று ராசையாவின் அண்ணன் அய்யாத்துரை கருவிக்கொண்டிருந்தார். வாய்ச்சவடால் இல்லை, சொன்னால் செய்கிற ஆள்.

அந்த 'எவனோ' யாரென்று வரதனுக்குத் தெரியும். அவன் பெண்டாட்டியின் தம்பி, வெல்டர் வல்லரசுதான். பிலோமியும் அவனும் இப்போது பக்கத்திலேயே வள்ளூரில், வரதனின் மாமியார் வீட்டில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிற ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தார்கள். அடுத்த வாரம் கான்ட்ராக்டர் வெல்டர்களைக் குஜராத்துக்கு ரயிலேற்றுகிறார். அதில் இந்த இரண்டு பேரும் ஏறிவிட்டால் தப்பித்தார்கள். அதுவரை அய்யாத்துரை இந்தப் பக்கம் இருக்கக்கூடாது.

அதனால்தான், "ரெண்டும் பாரிமுனையில மாமல்லபுரம் பஸ் ஏறிச்சாம், என் தோஸ்து பாத்துக்கீறான்" என்று வரதன் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டான். விட்டவனையே வண்டி ஓட்டவும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார் ராசையா. என்ன செய்வது, வந்து நின்றான். பயந்து பயந்து பயமே மரத்துப்போய், வாய் அதுபாட்டுக்கு ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ராசையாவும் அப்படித்தான் இருந்தார். மகள் போன நாளிலிருந்து மனுஷன் அழவும் இல்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. மனைவி ஞானபாக்கியம் கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. எங்கெங்கோ அலைந்துவிட்டு வந்த வேட்டியை, ஓரமெல்லாம் சாம்பல் அப்பியிருக்க, மாற்றக்கூடத் தோன்றாமல் கட்டியிருந்தார்.

"ஏலே ராசையா, எதுக்குலே ஊர் ஊரா நிக்கணும்?" அய்யாத்துரை எரிந்து விழுந்தார். "திருச்சி ரோட்டப் புடிச்சா மறுநாள் கன்னியாகுமரி. அங்கேருந்து மேல தேடிக்கிட்டே வருவோம்."

"இல்லண்ணே. பிலோமிக்கு பஸ்ஸுல ஏறுனாலே கொமட்டும். ஒரேயடியா அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டா. எறங்கி எறங்கித்தான் போயிருப்பா" என்றார் ராசையா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "தரங்கம்பாடியில ஒரு நாள் பாப்போம். மணப்பாட்டுப் பாறைக்கிட்ட ஒரு நாள். முட்டத்துலயும் பாத்துருவோம்."

வரதன் அந்தப் பென்சில் கோட்டையே பார்த்தான். பெற்றவர் இப்படிப் பாறை பாறையாகத் தேடத் துடிக்கிறார், நாம் கூசாமல் ஏமாற்றுகிறோமே! ஆனால் உண்மையைச் சொன்னால் இரண்டு உயிர் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, என் சுமோவுல போவோம். புது வண்டி, பறக்கும்" என்றார் அய்யாத்துரை.

"வேண்டாம்ணே. ஒங்க வண்டிய நம்ம ஆளுக அத்தன பேருக்கும் தெரியும். தேடி அலையிறது வெளிய தெரிஞ்சா அசிங்கம். வரதன் அம்பாசிடரே போதும்."

"அந்த டப்பாவா? அது அம்பதத் தாண்டுமாடே?"

"தாண்டாது பெரிய அண்ணாச்சி" என்று வரதன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், ஐயோ, கெடுத்தோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். நல்லவேளை, அய்யாத்துரை அவனை முறைத்ததோடு சரி, பையை எடுத்துவர மாடிக்குப் போனார்.

இருவர் மட்டும் மிச்சம். வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகர வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ராசையா எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"கவலப்படாதீங்க அண்ணாச்சி. பொண்ணு எங்க இருந்தாலும் கெடச்சிடும்" என்றான் வரதன். சொல்லும்போதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ராசையா அவன் கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது அந்தக் கை. போச்சு, மாட்டினோம் என்று வரதன் கதவைப் பார்த்தான்.

மாடிப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ராசையா குரலைத் தாழ்த்தினார்.

"நான் வள்ளூர் போயி அவளப் பாத்துட்டு வந்துட்டேன் தம்பி. ரயில் ஏறுற வரைக்கும் நீ மெதுவாவே ஓட்டு."