மூன்று மணிக்குத் தட்டும் சத்தம்

குளிர் அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

தொழிற்சாலையின் பொதி மேசையில் மீன் வெட்டிக்கொண்டு நின்ற பன்னிரண்டு பேரின் கைகளும் அப்படியே நின்றன. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. போன வருசம் ஒரு நாள் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் அகப்பட்டுத்தான் அவர்களோடு வேலை செய்த கதிரவேல் இறந்துபோனார். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி அப்போதே இறுகிப்போயிருந்தது. மறுநாள் காலையில்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

கதவு திறந்தது. வெண்புகையாய்க் குளிர் வந்தது. அதற்குப் பின்னால் புது மனேஜர் நப்லா வந்தார். வெளிச்சூடு பட்டதும் அவருடைய மூக்குக்கண்ணாடி வெளுத்து, கண்கள் மறைந்துபோயின. அப்படியே கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதிக்கொண்டு மேலே போய்விட்டார்.

"இவவுக்கு விசர்தான் பிடிச்சிருக்கு," என்றாள் பிரசாந்தி. "வந்த அண்டைக்கே அரை நாள் வேலையை நிப்பாட்டி, கதவுக்குப் புதுக் கைப்பிடி போட்டவ. இப்ப தானே உள்ளுக்குப் போய் நிண்டு தட்டுறா."

"வெயில் தாங்க ஏலாமல் போயிருப்பா," என்றார் சுப்பவைசர் சஞ்சீவன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாளும் சரியாக மூன்று மணிக்குத் தட்டல் கேட்டது. அதற்கு அடுத்த நாளும் கேட்டது. ஒரு நாள் உள்ளங்கையால். ஒரு நாள் முட்டியால். ஒரு நாள் பெட்டி இழுக்கும் கொக்கியால். சில நாட்களில், "எல்லா மெசினையும் போடுங்கோ," என்று சஞ்சீவனிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்.

கிண்ணியாவிலிருந்து வரும் ஷாமிலா அந்த நேரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாய்க்குள் ஓதத் தொடங்கிவிடுவாள்.

ஒரு மத்தியானம் கதிரவேலின் மனைவி சீதேவி வந்தார். மேலே நப்லாவின் அறையில் ஒரு மணித்தியாலம் இருந்தார். இறங்கிப் போகும்போது மேசைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கதிரவேல் குடித்துவிட்டு உள்ளே படுத்துவிட்டார், வெளியே வர முயற்சி செய்யவேயில்லை என்றுதான் விசாரணை முடிந்திருந்தது. அன்றிலிருந்து சல்லிக் கிராமத்தில் சீதேவிக்குக் குடிகாரன் பெண்சாதி என்று பெயர்.

"விளங்குதா?" என்றார் சஞ்சீவன் குரலைத் தாழ்த்தி. "ரெண்டு பேரும் சேர்ந்து அந்தாளைக் கூப்பிடுகினம்."

"செத்த ஆளையா?" என்று கேட்டாள் பிரசாந்தி.

"பின்ன? இவ தட்டுறா. ஒரு நாளைக்கு உள்ளுக்கிருந்து பதிலுக்கு வேற ஆள் தட்டும். இருந்து பாருங்கோ."

அன்றைக்குப் பிறகு யாரும் தனியாக அந்தக் கதவடியால் போகவில்லை. மீன் பெட்டி வைப்பதற்குக்கூட இரண்டு பேராய்த்தான் போனார்கள்.

வெள்ளிக்கிழமை சஞ்சீவன் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதியதை மற்றவர்களுக்கு வாசித்தும் காட்டினார்.

"இவர் தினமும் பிற்பகல் மூன்று மணிக்குக் குளிர் அறைக்குள் நின்று கதவைத் தட்டுகிறார். இயந்திரங்கள் ஓடும்போதும் அந்தச் சத்தம் பொதி மேசை வரை தெளிவாகக் கேட்கிறது. எங்களால் பயமின்றி வேலை செய்ய முடியவில்லை. ஆகவே இவரை உடனடியாக இடமாற்றம் செய்யுமாறு…"

"தெளிவாக எண்டு போடத்தான் வேணுமா?" என்று கேட்டாள் ஷாமிலா.

"தெளிவாத்தானே கேக்குது."

"கேக்குதுதான். ஆனா அதை எழுதோணுமா?"

"எழுதாட்டி கொழும்பில ஆர் நம்புவாங்கள்? இவவை இருக்க விட்டா நாங்கள்தான் வேலையை விட்டுட்டுப் போகோணும். வையுங்கோ கையெழுத்தை."

பன்னிரண்டு பேரும் வைத்தார்கள். ஷாமிலா கடைசியாக வைத்தாள்.

ஒரு கிழமை கழித்து நப்லா எல்லோரையும் மேலே கூப்பிட்டார். மேசையில் அந்தக் கடிதம் கிடந்தது. கொழும்பு அதை அவருக்கே அனுப்பிவிட்டிருந்தது.

ஆனால் நப்லா கோபப்படவில்லை. கதிரைகளைக் காட்டினார்.

"இருங்கோ. நீங்கள் எழுதினது பிழை எண்டு நான் சொல்லவரேல்ல. உறுதிப்படுத்தத்தான் கூப்பிட்டனான். சத்தம் உண்மையாவே கேட்டதா?"

"ஓம் மிஸ்."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தரும் தப்பேல்ல மிஸ்," என்றாள் பிரசாந்தி. அவளுக்கு இப்போது தைரியம் வந்திருந்தது. "வெறுங்கையால தட்டினாலும் கேட்டது."

"மெசின் ஓடேக்கையும்?"

"ஓடேக்கையும்தான். காதைப் பொத்திக்கொண்டு நிண்டனாங்கள்."

நப்லா தலையாட்டினார். லாச்சியைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து, கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் போன வருசத் திகதி இருந்தது. கதிரவேலின் விசாரணையில் கொடுத்த வாக்குமூலம். அடியில் அதே பன்னிரண்டு கையெழுத்து.

அவர் வாசித்தார்.

"கதவு ஒரு சாண் தடிப்பானது. உள்ளேயிருந்து எப்படித் தட்டினாலும் வெளியே கேட்காது."

சஞ்சீவன் தன்னுடைய இரண்டு கையெழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஷாமிலா முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரசாந்திதான் கடைசியில் வாய் திறந்தாள்.

"அண்டைக்குக் கேட்ட சத்தத்தை, குழாயில ஐஸ் உடையுது எண்டுதான் நினைச்சம், மிஸ். பிறகு… அது தானாவே நிண்டுட்டுது."

"அதை எனக்குச் சொல்லவேண்டாம்," என்றார் நப்லா எழுந்து. "வெளியில சீதேவி அக்கா இருக்கிறா."