பயந்த சுபாவம்

நாய் அவளுக்கு. நாய்கள் காப்பகத்தின் படிவத்தை நிரப்புவது அண்ணன்.

'வளர்ப்பவரின் குணம்' என்ற இடத்தில் அவன் யோசிக்கவே இல்லை.

பயந்த சுபாவம். எதிர்த்துப் பேச வராது.

முப்பத்து நான்கு வருடமாக அவளைப் பார்த்து வருபவன். அவனைக் குறை சொல்ல முடியாது.

விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆகிறது. தூத்துக்குடியில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. காம்பவுண்டு வைத்த சின்ன வீடும் பார்த்துவிட்டாள். அண்ணன் போட்டது ஒரே நிபந்தனை: கூட ஒரு காவல் நாய் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் வீட்டிலேயே, அண்ணியின் முகம் பார்த்துக்கொண்டு.

காப்பகத்துக்குள் நுழைந்ததுமே அவன் ஒரு கோம்பை இன நாயைக் காட்டினான். செம்பட்டை நிறம், அகன்ற மார்பு. கம்பியைப் பிய்த்துவிடுவதுபோல் குரைத்தது. அவனுக்குப் பரம திருப்தி.

அவள் அடுத்த கூண்டின் முன் நின்றுவிட்டாள்.

கன்னி இன நாய். மெலிந்த கறுப்பு உடம்பு, கண்களுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காப்பகத்து அம்மா கதவைத் திறந்துவிட்டார். அவள் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. அதட்டிக் கூப்பிட்டாலும் கொஞ்சிக் கூப்பிட்டாலும் இன்னும் மூலைக்குள் ஒடுங்கத்தான் தோன்றும் என்பது அவளுக்குத் தெரியும்.

வெகுநேரம்.

பிறகு, முழங்கை மேல் ஈர மூக்கு.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

"ரெண்டு பயந்தாங்கொள்ளியும் சேந்து எதக் காவல் காக்கப் போறீங்க? எந்திரி."

அண்ணன் குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

நாய் நடுவில் வந்து நின்றது.

குரைக்கவில்லை. காதுகள் பின்னால் படிந்திருந்தன. நாலு காலும் நடுங்கின.

ஒரு கால்கூட நகரவில்லை.

நீதிமன்றத்தில், கணவன் எதிரே, அவளும் அப்படித்தான் நின்றாள். நடுங்கிக்கொண்டே, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அண்ணன் அன்று கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் கையை விட்டான். நாயைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான், கொஞ்சம் அதிக நேரம்.

படிவத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினான்.

'பயந்த சுபாவம்' என்பதை அவள் அப்படியே விட்டாள். அது உண்மைதான்.

அதற்கு அடுத்திருந்த 'எதிர்த்துப் பேச வராது' என்பதை மட்டும் கோடு போட்டு அடித்தாள்.