விழ மறுத்த பொம்மை

அப்பா மறுபடியும் படியிலிருந்து விழுந்தார்.

ஸ்பீக்கரில் 'டொப்' என்று சத்தம். கதவோரம் நின்றிருந்த மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இது சும்மா. எடை சரியா இருக்கான்னு மேலேருந்து போட்டுப் பார்த்தேன்," என்றான் அவன், திரையை விட்டுத் திரும்பாமல். "இனிமேதான் இருக்கு."

வீடியோ கேமுக்கு வீடும் தெருவும் மலையும் கட்டித் தருவதுதான் அவன் வேலை. கண்ணாடி என்று சொன்னால் உடையும், பனிக்கட்டி என்று சொன்னால் வழுக்கும். எதை எதுவாக வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். அந்த மென்பொருளில்தான் இப்போது தன் வீட்டு மாடிப்படியைக் கட்டி வைத்திருந்தான். டேப் பிடித்து அளந்து, அச்சு அசலாக.

பொம்மைக்கு அப்பாவின் உயரம், அப்பாவின் எடை, அப்பாவின் கட்டம் போட்ட சட்டை. முகம் மட்டும் வைக்க மனசு வரவில்லை. வழவழவென்று விட்டுவிட்டான்.

"எதுக்குங்க இதெல்லாம்? போனவர் போயிட்டார்."

"தானாவா போனார்? படியைத் துடைச்சு ஈரத்தோட விட்டது யாரு? நீயே சொன்னதுதானே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன பயம்?"

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயம்தான். முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அவன் அக்கா, அப்பா போன அன்றைக்கே வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்: "கையில துணியைக் குடுத்தா, ஆளையே துடைச்சுட்டா மகராசி!" அதற்கும் இவள் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவனும் 'கதவைச் சாத்து', 'போன் அடிக்குது' என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டான்.

"இதை அப்படியே அக்காவுக்கு அனுப்பப் போறேன். அப்புறம் நீ உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பலாம்."

"இன்னைக்கே கிளம்பறேன். இதை மட்டும் நிறுத்திடுங்க."

குற்றமுள்ள நெஞ்சு நிற்கவிடுமா என்று நினைத்துக்கொண்டான். படிக்கு 'ஈரமான டைல்ஸ்' என்று கொடுத்து, பட்டனை அழுத்தினான்.

பொம்மை மெதுவாக இறங்கியது. வழுக்கியது. இரண்டு காலும் மேலே போனது. அவ்வளவுதான் என்று நினைத்தபோது, அதன் வலது கை சட்டென்று நீண்டு சுவரோரக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது.

தொங்கியபடியே ஆடியது. ஆடி ஆடி, முகமில்லாத அந்த முகம் அவனைப் பார்த்து நின்றது.

ஈரத்தைக் கூட்டினான். விழவில்லை. எண்ணெய் என்றான். விழவில்லை. பனிக்கட்டியே என்று கொடுத்தும் பார்த்தான். உடும்புப் பிடி. ஒவ்வொரு தடவையும் ஆடி அடங்கி, அவனைப் பார்த்தபடியே நின்றது.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் அறைக்குள் திரை வெளிச்சம் மட்டும்தான்.

"விழுந்துடுங்கப்பா," என்று முணுமுணுத்தான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"போதுங்க... கெஞ்சிக் கேக்கறேன்!" அவள் ஓடி வந்து மவுஸ் மேல் கையை வைத்தாள்.

"ஏன்? மாட்டிக்குவேன்னு பயமா?" கையைத் தட்டிவிட்டான்.

அப்போதுதான் கைப்பிடிக்குக் கொடுத்திருந்த குணம் கண்ணில் பட்டது. விழப்போகும் பொம்மை கைக்கு எட்டியதைப் பிடிக்கும்படி செய்ததுதான்; ஆனால் பிடித்தது கழல வேண்டாமா? சுவரில் மாட்டும் எந்தப் பொருளையும் 'கழன்று வராது' என்று கொடுத்துவிடுவது அவன் வழக்கம். விளையாட்டில் கைப்பிடி வெறும் அழகுக்குத்தானே? அதே பழக்கத்தில் இதற்கும் கொடுத்திருந்தான்.

நிஜ வீட்டில்?

அப்பா கேட்டார் என்று அந்தக் கைப்பிடியை மாட்டியவன் அவன்தான். சுவரில் துளை போடச் சோம்பல். இரண்டு முனையிலும் பசையைத் தடவி ஒட்டிவிட்டு, "ஸ்க்ரூ அடுத்த வாரம் போட்டுடறேன்ப்பா" என்றான். எந்த அடுத்த வாரம்?

விரல் தயங்கியது. 'பசை' என்று கொடுத்தான். அழுத்தினான்.

கால் இடறியது. கை நீண்டது. பிடித்தது. கைப்பிடி சுவரிலிருந்து ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது. அந்தக் கைப்பிடிக் குழாயைப் பிடித்தபடியே பொம்மை உருண்டு, கீழே செருப்பு அலமாரி ஓரம் ஒரு காலை மடக்கிக் கிடந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் மாடிப்படிக்கு ஓடினான். நிஜக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் உலுக்கினான். ம்ஹூம். முனைகளில் புத்தம் புது ஸ்க்ரூக்கள் மினுங்கின.

"நான் ஸ்க்ரூ போடவே இல்லையே..."

"நான்தான் போட்டேன்," என்றாள் பின்னாலிருந்து. "நீங்க ஆபீஸ்லேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே இருந்தீங்களே, அப்ப."

"அப்ப... ஈரம்?"

"அன்னைக்கு நான் படியைத் துடைக்கவே இல்லைங்க."

"அக்கா அந்தப் பேச்சு பேசினா. நானும்தான்... எல்லாத்தையும் ஏன்டி வாங்கிக்கிட்டே?"

அவள் கைப்பிடியின் ஸ்க்ரூவை விரலால் தடவினாள்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு ஓடி வந்து பார்க்கறேன், மாமா கையில இன்னும் அந்தக் குழாய். வலியில பேச்சே வரலை. அப்பவும் என்கிட்ட அதை நீட்டி, 'முதல்ல இதை மாட்டிடும்மா... அவன் வந்து பார்த்துடப் போறான்'னாரு."