கடைசி வரிசையில் வித்யா

மேடையில் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கடைசி வரிசையில் இருந்தாள்.

பாளையங்கோட்டையில் ஓர் ஓட்டலின் ஏசி அரங்கம். மனநல மருத்துவர்கள், உளவியல் ஆலோசகர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். அத்தனை பேருக்கும் அவள் பெயர் வித்யா. கணவரைப் பிரிந்தவர். ஒரு மகள். மனச்சிதைவு நோய். பல வருடங்களாகக் காதுக்குள் ஓர் ஆண்குரல்.

வித்யா என்ற பெயரை அவளேதான் சொன்னாள்.

“உங்க நிஜப் பேர் எங்கயும் வராது. வேற பேர் ஒண்ணு சொல்லுங்க” என்று ஆரிஃபா மேடம் கேட்டபோது சட்டென்று வாயில் வந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் இருந்த பிள்ளையின் பெயர்.

மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் வேறு. ஆரிஃபா மேடம் பேசுவார், கேட்பார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். வாராவாரம் அப்படிப் பேசியதைத்தான் ஓர் ஆய்வாக எழுதி இன்று வாசிக்கிறார்.

“நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல. வந்தாலும் யாருக்கும் தெரியாது. பிடிக்கலன்னா பாதியில எழுந்து போயிருங்க” என்று நேற்று சொல்லியிருந்தார்.

அவள் இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

காலையிலிருந்து எல்லாரும் இங்கிலீஷில் பேசினார்கள். மேடம் மட்டும் தமிழில் பேசினார். யாருக்காக என்பது அரங்கத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வித்யா வாசலைத் தாண்டினால் மகள் செத்துப்போவாள் என்று அந்தக் குரல் சொல்லும். மேடம் அதை வாசித்தபோது அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

குரல் பொய் சொல்கிறது என்று மேடம் ஒருநாளும் சொன்னதில்லை.

“நிஜமான்னு பாத்துருவோமா?” என்றுதான் கேட்டார்.

முதலில் வாசற்படி. பிறகு தெருக்குழாய். பிறகு, மகளை வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப் வரை. நாலு எட்டுக்கு ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்ப்பாள். கூடவே மேடமும் நடப்பார்.

ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது மகள் உயிரோடு இருந்தாள். ஒரு தடவை கோபமாகவும் இருந்தாள், அடுப்பில் தோசை தீய்ந்துவிட்டது என்று.

குரல் போகவில்லை. அதன் பேச்சுக்கு மதிப்புப் போய்விட்டது.

இப்போது மாவு மில்லில் வேலை. எந்திரம் ஓடும்போது குரலும் கூடவே உரக்கும். கத்திக்கொண்டு கிட என்று அவள் மிளகாய் வத்தலை அள்ளிக் கொட்டுவாள்.

மேடம் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

“சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துல மட்டும் பேசு, மத்த நேரம் எனக்கு வேலை இருக்குன்னு வித்யா அந்தக் குரல்கிட்ட சொல்லிட்டாங்க. இது நான் சொல்லிக் கொடுத்ததில்ல. அவங்க கண்டுபிடிச்சது. அந்த வாரம் நான் மாணவி.”

யாரோ கைதட்டினார்கள். அவளுக்கு முகம் சூடானது.

முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒருவர் எழுந்தார். பெரிய மனநல மருத்துவர். அவர் எழுந்ததும் அரங்கம் அடங்கியது.

“நல்ல வேலை ஆரிஃபா. ஆனா ஒரே ஒரு பேஷன்ட். ஒருத்தரை வெச்சு என்ன நிரூபிக்க முடியும்?”

“நிரூபிக்க வரல சார். எந்த இடத்துல மாறிச்சுன்னு காட்ட வந்தேன். ஆயிரம் பேரோட சராசரியில அந்த இடம் தெரியாது.”

“சரி. குரல் நின்னுடுச்சா?”

“இல்ல சார்.”

“அப்ப எதை முன்னேற்றம்னு சொல்றீங்க?”

கேள்வியில் எகத்தாளம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மேடம் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார்.

பதில் கடைசி வரிசையில் இருந்தது. ஆனால் மேடம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தப்பித்தவறிக்கூடக் கண்ணைத் திருப்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், தனியாக நின்றார்.

அதைப் பார்த்துக்கொண்டு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்தாள்.

“சார், அந்த வித்யா நாந்தான். எம்பேரு இசக்கியம்மா.”

நாற்காலிகள் கிரீச்சிட்டுத் திரும்பின. மேடத்தின் கை அப்படியே மேசையில் ஊன்றி நின்றது.

“அவன் இப்பவும் பேசிக்கிட்டுதான் இருக்கான் சார்.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“என்னம்மா சொல்றான்?”

“‘உக்காருட்டி, மானத்த வாங்காத’ங்கான்.”

யாரும் சிரிக்கவில்லை. மைக் வைத்திருந்த பெண் நாற்காலிகளுக்கு நடுவே அவளிடம் விரைந்து வந்தாள்.

இசக்கியம்மாள் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தின் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினாள்.

“சொல்லி முடிச்சிட்டு உக்காருதேன்.”

பிறகு மைக்கை வாங்கினாள்.