தாழைக்குளம் 8.20

செவ்வாய். கணினியில் நான் வரைந்த எழுத்துருவுக்கான மாதிரிப் புத்தகத்தில் எட்டாம் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில் நின்ற அசதியில் வேறொன்றும் தோன்றவில்லை. பஸ் போர்டு போல ‘தாழைக்குளம் 8.20’ என்று போட்டேன். களக்காடு தாண்டி இருக்கும் அது மாலை எழுத்துரு வகுப்பில் என் பக்கத்து இருக்கை ஷெர்லினின் ஊர். கடைசி பஸ் ஏழு மணிக்கு என்பதால் தினமும் பாதி வகுப்பில் எழுந்து போவாள்.

புதன். வகுப்பு முடியும் எட்டு மணிவரை ஷெர்லின் இருந்தாள்.

“நேத்து ஏழு மணி பஸ்ஸ விட்டுட்டு அழுதுட்டு நின்னேன். எட்டு இருபதுக்கு ஒண்ணு வருதுட்டி! ஆளே இல்ல, மகாராணி மாதிரி போனேன்.”

வியாழன். அவளோடு பாளையங்கோட்டை நிறுத்தம்வரை போனேன். பஸ் வந்தது. போர்டில் இருந்தது என் எழுத்து. ‘ழை’யின் வால் என் புத்தகத்தில் இருப்பதுபோலவே கோணலாக இருந்தது. நான்தான் தவறாகப் பார்த்திருப்பேன்.

வெள்ளி. வகுப்பு முடிந்து ஷெர்லின் போனபின், சார் என்னை இருக்கச்சொல்லிப் புத்தகத்தைத் திருத்தினார். எட்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

“ஏம்மா, எம் மாமியா ஊருக்கு இந்நேரம் ஏது பஸ்ஸு? அத எடுத்துரு.”

எட்டாம் பக்கத்தை அழித்து, வெறும் வெள்ளையாகச் சேமித்தேன். பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நாற்பது. ஷெர்லின் அந்த பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருப்பாள்.

ஷெர்லினுக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தாள்.

“பஸ்ஸு எங்கயும் நிக்காம போய்க்கிட்டே இருக்குட்டி. வெளிய இருட்டயே காணோம். பூரா வெள்ளையா இருக்கு.”