பிரதமரைப் பார்த்தால் போதும்

"பிரதமர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும், தங்கச்சி. அடுத்த நாளே பெடியனை விட்டிடுவாங்கள்."

முத்துக்குமாரு இப்படிச் சொன்னபோது பூரணத்தின் வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. சுற்றிவளைப்பில் அவளுடைய மகன் கேதீஸ்வரனை ஆமி ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து, கூடப்பிறந்த அண்ணன் கந்தப்புகூடப் படலையைத் திறக்கவில்லை. பயம்.

வந்தவர் இந்த ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் மட்டும்தான். தெற்கில் வேலை பார்த்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் அந்த மனுசன் அலையிறதைப் பார்" என்றது சண்டிலிப்பாய் ஊர். "கந்தப்புவும் இருக்கிறானே, வெட்கங்கெட்டவன்!"

பூரணம் வெளுத்த சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு அவரோடு கொழும்பு பஸ்ஸில் ஏறினாள்.

வழிநெடுகச் சோதனை. ஒவ்வோரிடத்திலும் முத்துக்குமாருதான் முன்னால் போய்க் கதைத்தார். இறங்கிய இடத்தில் அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். தான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை.

"நான் வேலையிலை இருக்கேக்கை பிரதமர் எண்டால் நாடே எழும்பி நிக்கும். நீ யோசியாதை."

பிரதமரின் கந்தோரில் நெடுநேரம் காத்திருந்த பிறகு ஒரு நரைத்த அதிகாரி கூப்பிட்டார். மரியாதையான மனிதர். பூரணத்துக்குக் கதிரை காட்டினார். முத்துக்குமாரு சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தணிந்த குரலில் சிங்களத்தில் ஏதோ விளக்கினார்.

முத்துக்குமாருவின் முகம் செத்துப் போயிற்று.

"என்னவாம் அண்ணை?"

"பிரதமராலை இதிலை ஒண்டும் செய்யேலாதாம்."

"ஏன்? பிரதமர்தானே நாட்டை ஆளுறவர்?"

"அது முந்தி. சட்டத்தை மாத்திப் போட்டாங்கள். இப்ப எல்லாம் ஜனாதிபதியின்ரை கையிலை. மந்திரிசபைக்கும் அவர்தான் தலைவர், ஆமிக்கும் அவர்தான். நினைச்சால் பிரதமரையே வீட்டுக்கு அனுப்பலாமாம்."

"அப்ப பிரதமர் என்னதான் செய்வார்?"

அதையும் அவர் சிங்களத்தில் கேட்டார். அதிகாரி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"எங்கடை முறைப்பாட்டை மேலை அனுப்பி வைப்பாராம். அவ்வளவுதான்."

பூரணம் எழுந்து அந்த அதிகாரியைக் கும்பிட்டாள்.

திரும்பி வரும்போது, பஸ் வவுனியாச் சோதனைச்சாவடியைத் தாண்டும்வரை முத்துக்குமாரு வாயே திறக்கவில்லை. தாண்டியதும் பொரிந்து தள்ளினார்.

"பேருக்கு ஒரு பிரதமர்! உந்தக் கதிரையிலை இருந்தென்ன, விட்டென்ன? ஒரு தாய் வாசல்லை வந்து நிக்கிறாள். அவளுக்காக வாய் திறக்கத் துப்பில்லை. பயந்தாங்கொள்ளி!"

முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஓம் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"நான் விடமாட்டன், தங்கச்சி. அடுத்த மாசம் ஜனாதிபதியின்ரை கந்தோருக்குப் போவம்."

பூரணம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்த கடைகள், பிறகு காடு, பிறகும் காடு.

"பிரதமரை ஏசாதேங்கோ அண்ணை. அந்தாளிட்டை அதிகாரம் இல்லை. இல்லாததுக்கு அவர் என்ன செய்வார்?"

"பின்னை ஆரை ஏசச் சொல்லுறாய்?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்டைக்கு ஆமி சந்தியிலை பெடியளை இருத்தி வைச்சிருக்கேக்கை, நான் வேலிக்கு இங்காலை நிண்டனான். சிங்களம் தெரியுமெண்டு உங்களைத்தானே பக்கத்திலை நிப்பாட்டினவங்கள். உங்கடை மருமோனைக் காட்டி, தெரியுமோ எண்டு கேட்டாங்கள். ஓமெண்டு தலையாட்டினீங்கள். அவனை எழுப்பிப் போக விட்டாங்கள். அடுத்தது என்ரை பிள்ளை. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தவன். நீங்கள் தெரியாதெண்டு கையை விரிச்சீங்கள்."

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. முத்துக்குமாரு முன் சீற்றுக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரையும் தெரியுமெண்டால்... என்னையும் ஏத்திப் போடுவாங்களெண்டு..." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இதைத் தெரிஞ்சுகொண்டோ என்னோடை கொழும்புக்கு வந்தனீ?"

"என்ரை பிள்ளையைக் கேட்டு அவங்களோடை கதைக்க, எனக்கு வேறை ஆர் இருக்கினம் அண்ணை?"