பொய் சொல்லாத விரல்

தனக்காகத் தயாராகும் கிட்டாரை ஞானாபரணம் இடதுகை விரல்களால் தடவினார். "சொரசொரன்னு இருக்குதுங்க தம்பி. இன்னும் நைஸ் பேப்பராப் போடுங்க."

சிங்காநல்லூரில் கிட்டார் பட்டறை வைத்திருந்த பிராங்க், மெஷினில் நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாளைக் கழற்றிவிட்டு அதைவிட நைஸான இருநூற்றிருபதை மாட்டித் தேய்த்தான். பிறகு நானூறு.

"இன்னும் போகலீங்க."

"ஏனுங்ண்ணா, இனித் தேய்ச்சா பலகை அப்பளமாயிருமுங்க."

"முப்பது வருசமா சர்ச்சுல கிட்டார் வாசிக்கிற விரலுங்க. பொய் சொல்லாது."

வேறு வழியின்றி அறுநூறையும் மாட்டினான். பலகை விரிசல் விட்டது. மெஷினை நிறுத்தினான்.

"வருத்தப்படாதீங்க கண்ணு" என்று அதே விரல்களால் அவன் தாடையை வருடினார்.

தாடை எரிந்தது. பிராங்க் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தான். கம்பிகளை அழுத்தியழுத்திக் காய்த்துப்போன விரல்நுனிகள், எண்பதாம் நம்பர் உப்புத்தாளாய் இருந்தன.